ஏட்டையாவின் மூக்கு

எங்கள் மலைச் சாலைச் செக்போஸ்ட்டில் இருந்த ஏட்டையாவுக்குத் திருட்டை மோப்பம் பிடித்தே கண்டுபிடிக்கும் வரம் கிடைத்திருந்தது. தோட்டங்களில் ஏலக்காய் திருடு போகிறது என்று புகார் வந்ததிலிருந்து, ஏலக்காய் வாசம் அடிக்கிறவர்களை எல்லாம் நிறுத்திச் சோதித்தார். போடியில் ஏலக்காய் வாசம் அடிக்காதவர் யார்? எங்கள் ஊரில் ரூபாய் நோட்டுகூட மணக்கும். அவர் கணக்குப்படி ஊரையே உள்ளே தள்ளியிருக்க வேண்டும். ஆனால் அந்த மூக்குக்கு மரியாதை தெரியும். கார் வந்தால் உடனே ஜலதோஷம் பிடித்துக்கொள்ளும்.

எனக்கு மலையில் சின்னத் தோட்டம் உண்டு. டிக்கியில் மூட்டையே கிடந்தாலும் என் காரை அவர் நிறுத்தியதில்லை. ஒரு சல்யூட்டோடு சரி.

போன மழைக்காலத்தில் அந்தக் கார் மலையிலேயே படுத்துவிட்டது. ஏல மையத்தில் காட்ட வேண்டிய சாம்பிள் காயை ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, காய் எடுக்கும் பெண்கள் வீடு திரும்பும் ஜீப்பில் முன்சீட்டில் தொற்றிக்கொண்டேன். தேவாரத்துக்கு அப்பால் ஒரு குக்கிராமத்துப் பெண் பின்னாலிருந்து டிரைவரை விரட்டிக்கொண்டே வந்தார்.

"வெரசா விடுண்ணே. எங்கூரு பஸ்சு போயிட்டா வேற பஸ்சுல போயித் தேவாரத்துல எறங்கி நடக்கணும். நேத்துத்தேன் அந்தப் பாதையில யானை வந்து தென்னையச் சாச்சுட்டுப் போயிருக்கு."

செக்போஸ்ட்டில் ஏட்டையாவின் கை நீண்டது. பெண்கள் இறங்கினார்கள். நானும் காலை வெளியே வைத்தேன்.

"நீங்க உக்காருங்க சார்."

பெண் போலீஸ் ஒருவரும் இல்லை. இவரே தூக்குச்சட்டிகளைத் திறந்து, மிச்ச ரசத்தைக் கலக்கிப் பார்த்தார். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பைகளை உதறிக் காட்டச் சொல்லி, உள்ளே கைவிட்டும் துழாவினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எதுக்கு நிறுத்துறீங்கன்னு அவங்ககிட்ட ஒரு காரணமாச்சும் சொல்லலாமே?"

"வாசம் ஆளத் தூக்குது சார்."

"அது என் மடியிலேருந்து வருது. இந்தப் பையைப் பிரிச்சுப் பாருங்க."

நல்ல நகைச்சுவை கேட்டதுபோல் சிரித்தார். "என்ன சார், ஒங்களப் போயி சந்தேகப்படுவமா?"

என் வெள்ளைச் சட்டையின் இஸ்திரி மடிப்பைத்தான் அவர் அடையாள அட்டையாக எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. பெண்களிடம் ஒரு காய்கூடச் சிக்கவில்லை. பஸ்சுக்கு அவசரப்பட்ட அந்தப் பெண் தூக்குச்சட்டியை மூடிக்கொண்டே சொன்னார்: "இம்புட்டு நேரம் எங்க பையிலேயே கெடந்துச்சே, இப்ப ஒங்க கையும் மணக்கும் ஏட்டையா. மோந்து பாருங்க."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்குத் தண்டனையாக டிரைவரின் லைசென்ஸ், ஜீப்பின் இன்சூரன்ஸ், டயர் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். நாங்கள் போடி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது அந்தப் பெண்ணின் பஸ் போயிருந்தது.

அவர் வீட்டுக்குப் போன் போட்டு, பிள்ளைகளைக் கதவைப் பூட்டிக்கொள்ளச் சொன்னார். இருட்டிக்கொண்டு வந்தது. ஊர்வரைக்கும் போகிற ஆட்டோ ஒன்றைப் பிடித்து அனுப்பலாம் என்று கிளம்பினேன். கூட்டத்துக்குள் பையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாமே என்று அவரிடம் நீட்டினேன்.

"இதக் கொஞ்சம் பிடிங்கம்மா. ஆட்டோ கூட்டியாந்துர்றேன்."

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம் சார். ஒங்க கையில இருந்தா அது சரக்கு. என் கையில இருந்தா திருட்டு."