இடுப்பு வலிக்கு ஒரு மிஸ்டு கால்

பிசியோதெரபி தொழிலில் இருக்கும் நம் எல்லாருக்கும் தெரியும்: மெஷினைப் போட்டுவிடுவது லேசு, வீட்டில் போய்ப் பயிற்சியைச் செய்ய வைப்பதற்குள் நமக்கு இடுப்பு விட்டுப்போகும். கம்பம் ஊரில் நான் கிளினிக் போட்டு, வீட்டுக்கு வீடு செல்போன் வர ஆரம்பித்த காலத்தில் பட்ட பாடு இது. உங்கள் பாடும் இதுதான் என்றால் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

கரண்டு

வலிக்கு லேசாகக் கரண்டு கொடுக்கிற மெஷின் ஒன்று வாங்கினேன். எவ்வளவு போகிறது என்று சிவப்பு எழுத்தில் நம்பர் காட்டும். மூட்டு வலியோடு வந்த கூடலூர் திராட்சைத் தோட்டக்காரர் முழங்காலை மறந்துவிட்டு அந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். சுருக்கென்று இருந்தால் போதும், கூட வைத்தால் சதை இழுத்துக்கொள்ளும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். மனுஷனுக்குத் திருப்தியே இல்லை.

"இந்தா இருக்கு லோயர் கேம்ப்பு, அங்கனதாம்மா கரண்டே எடுக்குறாக. நமக்குப் போயி இம்புட்டுத்தானா?"

பத்துக்கு எத்தனை?

அடுத்து, போன் போட்டு வலியை நம்பராகக் கேட்டேன். இல்லவே இல்லை என்றால் பூஜ்யம், தாங்க முடியாவிட்டால் பத்து. கம்ப்யூட்டரில் ஏற்றினால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கோடு போட்டுக் காட்டும். உத்தமபாளையத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த பாய்க்குத் தீராத கழுத்து வலி. போனை எடுத்தால் பின்னால் ஒரே ஏலச் சத்தம். அந்தச் சத்தத்திலும் எனக்குப் பதில் சொன்னார்.

"எட்டும்மா. நீங்க நம்ம ஆளு, ஆறுன்னு போட்டுக்கங்க."

மிஸ்டு கால்

கோம்பை ஊர்ப் பாண்டியம்மா தினமும் விடியுமுன்னே ஜீப்பில் கேரளா மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போனவர். இடுப்பு வலியால் நின்றுவிட்டார். காய் எடுப்பு ஆரம்பிக்கும்போது வராவிட்டால் அவர் இடத்தில் வேறு ஆளை ஏற்றிவிடுவேன் என்று ஜீப்காரர் சொல்லிவிட்டார். எப்படியும் இவரை ஏற்றிவிடுவது என்று நானும் முடிவு செய்தேன். காலையில் பயிற்சி முடித்தால் ஒரு மிஸ்டு கால், முடியவில்லை என்றால் இரண்டு, நான் திருப்பிக் கூப்பிடுவேன் என்று ஏற்பாடு.

தவறாமல் ஒரு மிஸ்டு கால் வந்தது. ஆனால் கிளினிக்குக்கு வந்தவரால் குனியவே முடியவில்லை. குடைந்து கேட்டதும், கூட வந்த வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார்.

"குனிஞ்சா முறிஞ்சிரும்னு பயப்படுறா. நீங்க வைவீகளேன்னு நான்தான் குனிஞ்சு நிமிந்துட்டு போன் போட்டேன். எனக்கு இடுப்பு நல்லா இருக்கும்மா."

டவர்

எனக்கு வந்த கோபத்துக்கு ரெண்டு பேரையும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். பிறகு பாண்டியம்மாவின் கையைப் பிடித்து, "வலிக்கும். ஆனா முறியாது" என்று சொல்லி, என் முன்னாலேயே குனிய வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தார். மறுநாளிலிருந்து சில நாள் ஒன்று, சில நாள் இரண்டு என்று மிஸ்டு கால் வந்தது. அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

காய் எடுப்பு ஆரம்பித்த அன்று போன் அடிக்கவில்லை. நானே கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் சொன்னாள். அவ்வளவுதான், பயந்து படுத்துவிட்டார் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாயங்காலம் அதே நம்பரிலிருந்து போன். மிஸ்டு கால் இல்லை, முழுசாக அடித்தது. பாண்டியம்மாவேதான்.

"மலையில டவர் இல்ல ஆத்தா. வலியும் எங்கூடத்தான் ஏறுச்சு, ஆனா ஜீப்புல சீட்டு எனக்குத்தான்."

போன் அடிக்கவில்லையே என்று காலையில் அழுது, அதற்காகவே சாயங்காலம் சந்தோஷப்படுகிற தொழில் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும்.