லாரிமரின் பெயரை ஒட்டியவள்

லெனோர் ப்ரூசாக் என் கணவர் நார்பர்ட்டின் அக்கா. கார் தொழிற்சாலையில் அவள் பார்த்த வேலையைச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். வண்டி முழுதாகத் தயாராகி வரிசையின் கடைசிக்கு வரும்போது அதன்மேல் பெயரைப் பதிக்கும் வேலை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. எங்கள் ஊரில் யாரும் சிரித்ததில்லை. ஏனென்றால் அவள் பதித்த பெயர் லாரிமர்.

மிஷிகனில் எங்கள் ஊர் அந்த ஒரு கம்பெனியை நம்பி அடுப்பு மூட்டிய ஊர். கம்பெனி மூன்று பெயர்களில் கார் செய்தது. பிக்ஸ்பி மலிவு. புதிதாகக் கல்யாணமானவர்களும் பள்ளி ஆசிரியர்களும் வாங்குவது. மான்ட்ரோஸ் பெரிய இடத்துக்காரர்களுக்கு. ஊரில் அதை வைத்திருந்தவர்கள் தொழிற்சாலை மேலாளரும், சவ அடக்கத் தொழில் நடத்தியவரும்தான். நடுவில் லாரிமர். பல் டாக்டர், மருந்துக்கடைக்காரர், மேஸ்திரியாக உயர்ந்தவர்கள் வாங்குவது. வாழ்க்கையில் ஒரு படி ஏறிவிட்டேன் என்பதைத் தம்பட்டம் அடிக்காமல் ஊருக்குச் சொல்கிற வண்டி அது.

என் மாமனார் காசிமிர், வார்ப்படச் சாலையில் இரும்பு உருக்கியவர். அவர் ஓட்டியது எப்போதும் பிக்ஸ்பிதான். சாலையில் எதிரே லாரிமர் வந்தால் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பார்.

"அந்தக் கதவைச் சாத்துற சத்தத்தைக் கேட்டிருக்கியாம்மா?" என்பார் என்னிடம். "பாங்கு பெட்டகத்தை மூடுற மாதிரி இருக்கும். நம்மளுது தகர டப்பா."

வாங்க வேண்டும் என்று நினைத்த போதெல்லாம் ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது. முதலில் பிள்ளைகளின் படிப்பு. பிறகு மாமியார் படுக்கையில் விழுந்தார். அவர் எழுந்திருக்கவே இல்லை.

லெனோருக்கு அந்த வேலை கிடைத்தபோது மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி வெள்ளி நிற வார்ப்பு. பின்னால் ஆணி இருக்கும். தகட்டில் துளையிட்டிருப்பார்கள். லெனோர் எழுத்தைப் பொருத்தி, உள்ளேயிருந்து முடுக்கி, துணியால் ஒரு துடை துடைத்து அனுப்புவாள். இறைச்சி சாப்பிடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மாதா கோவில் கூடத்தில் எல்லோரும் மீன் வறுவல் சாப்பிடக் கூடுவோம். அங்கே மாமாவின் பேச்சு இதுவாகத்தான் இருக்கும்.

"இன்ஜினியர் என்னத்த வேணா செய்யட்டும். என் பொண்ணு கை வைக்கிற வரைக்கும் அது வெறும் இரும்புடா. அவ கை வெச்சப்புறம்தான் லாரிமர்!"

எதிரே உட்கார்ந்திருக்கும் ஃபெலிக்ஸ் மாசுர், அவரோடு உலையடியில் வேலை பார்த்தவர், சிறு வயது முதல் சிநேகிதர், விட மாட்டார். "அப்போ ஞானஸ்நானம் குடுக்கறது உம்பொண்ணுதான்னு சொல்லு. பாதிரியார் கேட்டா கோச்சுக்கப் போறாரு."

லெனோர் வெட்கத்தோடு சிரிப்பாள். அது நல்ல வெட்கம்.

பிறகு பெட்ரோல் விலை ஏறியது. ஜப்பானிலிருந்து சின்ன வண்டிகள் வந்தன. எங்கள் ஊரில் அதை வாங்கியவன் வீட்டுச் சுவரில் தார் பூசினார்கள். ஆனாலும் பக்கத்து மாவட்டங்களில் எல்லாம் அதுதான் ஓடியது. கம்பெனி மிரண்டு போனது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த பிக்ஸ்பி ஆலையை மூடி, அந்த வேலையையும் எங்கள் பக்கமே கொண்டுவந்தார்கள். லாரிமருக்கென்று இருந்த இன்ஜின் நின்றது. அதற்கென்று இருந்த கனத்த கதவும் நின்றது. ஒரே வரிசையில், ஒரே உடம்போடு, ஒரே இன்ஜினோடு வண்டிகள் வந்தன. முன்பக்கக் கம்பிச் சட்டம் வேறு, பின் விளக்கின் சிவப்பு வேறு, இருக்கைத் துணி கொஞ்சம் மெத்தென்று. வித்தியாசம் அவ்வளவுதான்.

லெனோருக்குப் பக்கத்தில் இப்போது இரண்டு பெட்டிகள் இருந்தன. கண்ணாடியில் ஒட்டிய சீட்டைப் பார்த்து, அதில் சொன்ன பெயரை எடுத்து வைக்க வேண்டும். ஆணியும் துளையும் போய், பின்னால் பசை தடவிய பிளாஸ்டிக் பட்டை வந்துவிட்டது. தாளை உரித்து அழுத்தினால் முடிந்தது.

முதல் வாரம் அவள் மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறாள். "ரெண்டும் ஒண்ணுதானே? பின்ன ஏன் லாரிமருக்கு அவ்வளவு விலை?"

"நீ ஒட்டுறதுக்குத்தான் அந்த விலை" என்று சொல்லி அவர் சிரித்தாராம். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். வீட்டில் இதை யாரிடமும் சொல்லவில்லை. தம்பியிடம் இல்லை, என்னிடமும் இல்லை. மாமா கூடத்தில் அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து போய்விடுவாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற வசந்தத்தில் மாமா ஒருநாள் சவரம் செய்து, ஞாயிற்றுக்கிழமை கோட்டை மாட்டிக்கொண்டு எனக்கும் லெனோருக்கும் முன்னால் வந்து நின்றார். "கிளம்புங்க ரெண்டு பேரும். லாரிமர் வாங்கப் போறோம்."

லெனோரின் முகம் வெளுத்தது. "இப்போ எதுக்குப்பா? இருக்கிற வண்டி நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது. நானும்தான் ஓடிட்டே இருந்தேன். இனி உக்காந்து போறேன்."

விற்பனையகத்தில் கிளைட் என்ற ஆள் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தான். கரும்பச்சை நிறத்தில் ஒன்றை மாமா பிடித்துக்கொண்டார். கூரையைத் தடவினார். உள்ளே உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். திறந்து, மறுபடி சாத்தினார்.

"உங்களுக்கு நான் என்ன சார் விளக்கறது?" என்றான் கிளைட். "செஞ்சவங்களே பக்கத்துல நிக்கறாங்க. அவங்களைக் கேளுங்க."

மாமா கதவுக் கண்ணாடியை இறக்கி மகளைப் பார்த்தார். "என்னம்மா? நல்ல வண்டிதானே?"

லெனோர் கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "ஆமாப்பா. நல்ல வண்டி."

அன்று முதல் ஃபெலிக்ஸுக்குக் கெட்ட காலம். அவர் அதே வருஷம் புது பிக்ஸ்பி வாங்கியிருந்தார், அதுவும் கரும்பச்சை. மாமா கோவில் வாசலில் வண்டியை அதன் பக்கத்திலேயே நிறுத்துவார்.

"என்ன ஃபெலிக்ஸ், வண்டி வழியில எங்கயும் அழலையே?"

"அழுதா சாஞ்சுக்க உன் வண்டிகிட்ட தோள் கேக்கறேன்."

"தள்ளி நிறுத்துடா. ஒட்டிக்கப் போவுது, உன் வறுமை."

விளையாட்டாகத் தொடங்கியது, போகப் போகக் கொஞ்சம் கசந்தது. ஃபெலிக்ஸின் மகனுக்கு அந்தச் சமயம் வேலை போயிருந்தது. மாமா அதை யோசிக்கவில்லை. ஒருமுறை எல்லோர் முன்னாலும், "உலையடியில ஒண்ணா நின்னோம். ஆனா ஒருத்தன்தான் மேல வந்தான்" என்றார். ஃபெலிக்ஸ் மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். லெனோர் என் பக்கத்தில்தான் இருந்தாள். "அப்பா, போதும்" என்றாள், அவருக்குக் கேட்காத குரலில்.

அடுத்த தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, நாங்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பனி கொட்டித் தீர்த்தது. வெளியே வந்தால் எல்லா வண்டிகளும் வெள்ளைக் குவியல்கள். மாமா முன்னால் போய், கதவுப் பக்கத்துப் பனியைக் கையால் வழித்துவிட்டு ஏறினார். எங்கள் ஊரில் யாரும் வண்டியைப் பூட்டுவதில்லை. கதவைச் சாத்தினார். சாவியை நுழைத்துத் திருப்பினார். திரும்பவில்லை. மறுபடி முறுக்கினார். உள்ளேயிருந்து வசவு கேட்டது.

ஃபெலிக்ஸ் போய்க் கண்ணாடியைத் தட்டினார். "காசிமிர்."

"இரு! குளிர்ல சாவி இறுகிப் போச்சு."

"டேய் காசிமிர். அது என் வண்டிடா."

யாரோ குபீரென்று சிரித்தார்கள். அப்புறம் கூடத்து வாசலே சிரித்தது. பாதிரியார்கூட வாயைப் பொத்திக்கொண்டார். "பெட்டகம் மாதிரி சாத்துச்சா, காசிமிர்?" என்று ஒரு குரல். "தகர டப்பால எப்படிப்பா ஏறினே?" என்று இன்னொன்று.

மாமா இறங்கவில்லை. உள்விளக்கைப் போட்டார். வேகமானி, வானொலிக் குமிழ், சூடேற்றியின் பிடி, கதவுக் கைப்பிடி என்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். சிரிப்பு தானாக அடங்கியது. அவர் இறங்கி வந்து லெனோருக்கு எதிரே நின்றார்.

"ரெண்டும் ஒண்ணாம்மா?"

அவள் கண் சுற்றி நின்றவர்கள் பக்கம் போனது.

"ஊரே நிக்குது. சொல்லு. ரெண்டும் ஒண்ணா?"

"ஆமாப்பா. ஒரே வண்டிதான். பேரை மட்டும் நான் ஒட்டறேன்."

மாமா தலையை ஆட்டினார். திரும்பி ஃபெலிக்ஸைப் பார்த்தார். சொந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பனியில் நடந்து போனார். லெனோர் பின்னாலேயே ஓடினாள். அவள் பிடித்த கையை அவர் உதறவில்லை, ஆனால் பிடித்துக்கொள்ளவும் இல்லை.

மறுநாள் நார்பர்ட் போய் வண்டியை எடுத்து வந்தார். மாமா வாசலில் நின்று லெனோரிடம், "அந்தப் பேரை எடுத்துடு" என்றார். கோபமாகக்கூட இல்லை. அவள் கெண்டியில் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றி, பசை இளகியதும் தூண்டில் நரம்பைப் பட்டைக்குப் பின்னால் விட்டு அறுத்தாள். குளிரில் விரல்கள் சிவந்துவிட்டன. எதிர்வீட்டுக்காரர்கள் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தார்கள். நான் உதவப் போனேன். "வேணாம், நானே செய்யறேன்" என்றாள். கண்ணீரைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் ஒரே வீட்டில் இருந்தும் சாப்பாடு, மருந்து, குப்பை வண்டி இதைத் தவிர வேறு பேச்சில்லை. மாமா கூடத்துக்குப் போவதை நிறுத்தினார். லெனோர் கோவிலுக்குப் போவதையே நிறுத்தினாள்.

கோடையில் ஃபெலிக்ஸ் வந்தார், மனைவி சுட்ட கசகசா ரொட்டியோடு. மாமா எழுந்து நின்றுவிட்டார்.

"நான் உன்னைப் பேசினது..." என்று ஆரம்பித்தார்.

"பேசினே. நல்லாவே பேசினே" என்றார் ஃபெலிக்ஸ். "ராஸ்கல், ஒரு வருஷம் என் உசிரை எடுத்தே. ஆனா நீ இல்லாம அங்க உக்காந்தா சோறு இறங்கலைடா. அடுத்த தவக்காலத்துக்கு நீ வந்தே ஆகணும்."

மாமாவுக்குக் கண் கலங்கியது. ரொட்டியை அறுக்கும் சாக்கில் முதுகைக் காட்டினார். லெனோர் அடுக்களையில் நின்றிருந்தாள். ஃபெலிக்ஸ் போன பிறகு அவர் அவளை அழைத்து உட்கார வைத்தார். அன்று பேசியதைப் பல வருஷம் கழித்துத்தான் லெனோர் எனக்குச் சொன்னாள்.

"கடையில ரெண்டு தடவை கதவைச் சாத்தினேனே, எதுக்குன்னு நினைச்சே? சத்தம் சரியில்லை. எனக்கு அப்பவே தெரிஞ்சுது. அதான் உன்னைக் கேட்டேன்."

"நான் பொய் சொல்லிட்டேன்பா."

"சொன்னே. எனக்கும் அந்தப் பொய்தான் வேணும்னு இருந்துச்சு. இல்லேன்னா மறுபடி கேட்டிருக்க மாட்டேனா? அதை வெச்சுக்கிட்டு நான் ஃபெலிக்ஸை மிதிச்சேன். உன் வெட்கத்தைவிட என்னுது பெருசும்மா."

அதனால் அவளுக்கு ஆறுதல் வந்துவிடவில்லை. அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது என்றாள்.

சில வருஷங்களில் லாரிமரை யாரும் வாங்காமல் போனார்கள். ஜனங்கள் முட்டாள்கள் இல்லையே. அதே வண்டி பிக்ஸ்பி என்ற பெயரில் பக்கத்துக் கடையில் மலிவாகக் கிடைத்தது. கம்பெனி அந்தப் பெயரையே நிறுத்துவதாக அறிவித்தது. கடைசி வண்டி வரிசையில் வரும் நாளில், பத்திரிகைக்காரர்கள் முன்னால் லெனோர்தான் பெயரை வைக்க வேண்டும் என்று மேலாளர் ஆசைப்பட்டார். "இத்தனை வருஷம் நீங்கதானே!" என்றார். அவள் கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "வேற யாரையாவது கூப்பிடுங்க சார்" என்று சொல்லி வெளியே வந்துவிட்டாள். புகைப்படத்தில் சிரித்தது வண்ணப் பிரிவுப் பையன் ஒருவன். பிறகு ஆலையையே மூடியபோது அவள் மாவட்ட ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் சேர்ந்தாள்.

மாமா கடைசிவரை ஃபெலிக்ஸோடு தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். மாமாவை அடக்கம் செய்த பிறகு வந்த தவக்காலத்தில்தான் லெனோர் அங்கே மறுபடி வந்தாள். சாப்பாட்டு மேஜைகளின் பக்கம் பார்க்காமல் சுவரோரமாக நடந்து நேரே சமையலறைக்குள் போனாள். அங்கே பெண்கள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். ஃபெலிக்ஸின் மனைவி ஒரு கத்தியை அவள் பக்கம் நகர்த்தி வைத்து, அவளுக்கு இடம்விட்டுத் தான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.