தரை வியர்த்த காலை

அன்று காலை பயிற்சி தொடங்கும் முன்பே தரை ஈரமாக இருந்தது எனக்குத் தெரியும். தலைமைப் பயிற்சியாளருக்கும் தெரியும், ஏனென்றால் நான் அவரிடம் சொன்னேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். இன்றும் எழுதும்போது கோபம் அடங்கவில்லை.

எங்கள் வேலை

மொன்ட்ரியாலில் ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து அணி ஆடும் அரங்கில் தரைப் பிரிவில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். அது பனி ஹொக்கி அரங்கு. அடியில் பனிக்கட்டி எப்போதும் இருக்கும். அதன்மேல் தடுப்புப் பலகை விரித்து, அதற்கும் மேலே மரத் தரையைத் துண்டு துண்டாகப் பூட்டுவோம். குளிர்காலத்தில் தொல்லையில்லை. பனி உருகி மழை தொடங்கும் நாட்களில் வெளிக்காற்று உள்ளே வந்தால் மரம் வியர்க்கும். பார்த்தால் தெரியாது. புறங்கையை வைத்தால்தான் தெரியும்.

ஒவ்வொரு காலையும் ஒரு தாள் நிரப்ப வேண்டும். அதில் ஆடுகளத்தின் படம் இருக்கும். ஈரமான இடத்தைப் பிரெஞ்சில் எழுதச் சொல்லியிருந்தார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அது சரிவராது. ஈரமான இடத்தில் நீலப் பென்சிலால் கோடு போட்டுக் கையெழுத்து வைப்பேன். அதுவே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

முன்பு இருந்த பயிற்சியாளர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு களத்தைச் சுற்றி நடப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். நான் தலையாட்டினால்தான் விசில். புதியவர் வேறு மாதிரி. அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. கத்தினால் வெல்லலாம் என்று நம்பினார். குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் எல்லோரையும் ஓடவிடுவார். அவர் எங்களைப் பார்த்ததேயில்லை. பார்வை எப்போதும் சுவர்க் கடிகாரத்தில்.

ரெஜிஸ்

அணியின் வீரன். மொன்ட்ரியால்-நோர் பகுதிப் பிள்ளை, ஹெய்ட்டிக் குடும்பம். இரண்டு குழந்தைகளையும் கார்டரி என்ற பிள்ளைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு எல்லோருக்கும் முதல் வருவான். "பொஞ்சூர் ஷெஃப், இன்றைக்கு உன்னுடைய தரை என்னைக் காதலிக்கிறதா?" என்று கேட்பான். ஷெஃப் என்றால் அங்கே தலைவர். கூச்சத்தில் நான் சிரிப்பதோடு சரி. அவனுக்கு மாத முடிவு வரைக்குமான ஒப்பந்தம். நன்றாக ஆடினால் அடுத்த பருவம் முழுவதற்கும் எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஆகவே ஒரு பயிற்சியில்கூட ஓரத்தில் உட்கார மாட்டான்.

அந்தக் காலை

வெளியே மழை. தொலைக்காட்சிக்காரரின் பெட்டிகளை இறக்கப் பின்கதவைத் திறந்து போட்டிருந்தார்கள். இடதுபக்கக் கூடையின் கீழே புறங்கையை வைத்தேன். ஈரம். துடைத்தேன், திரும்பவும் பூத்தது. தாளில் கோடு போட்டுவிட்டு எங்கள் மேற்பார்வையாளர் சிவம் அண்ணனிடம் போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நான் மட்டக்களப்பு.

"அண்ணன், இடதுபக்கம் வேர்க்குது. கதவைச் சாத்தி அரை மணித்தியாலம் விடணும்."

"எனக்கேன் சொல்லுறீர்? அந்தாளிட்டப் போய்ச் சொல்லும். மட்டக்களப்பார் வாய் திறந்தால் முத்தா உதிரும்?"

பயிற்சியாளரிடம் போய்ச் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கையைக் காட்டி, "தரை ஈரம். அரை மணி நேரம்," என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"உன்னிடம் யாராவது கேட்டார்களா? துடை, துடைத்துவிட்டுத் தள்ளிப் போ."

துடைத்தேன். தள்ளிப் போனேன். விசில் அடித்தார்.

சற்று நேரத்தில் ரெஜிஸ் கூடையின் கீழே பாய்ந்து கால் ஊன்றினான். கால் நிற்கவில்லை. முழங்கால் திரும்பிய விதத்தைப் பார்த்து, பக்கத்தில் நின்றவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். பயிற்சியாளர் மற்றவர்களை வலதுபக்கக் கூடைக்குப் போகச் சொன்னார். பயிற்சி நிற்கவில்லை.

இரண்டு தாள்கள்

பயிற்சியில் காயம் பட்டால், குணமாகும்வரை ஒப்பந்தம் தொடரும், மருத்துவமும் அணியின் பொறுப்பு. பழைய காயத்தை மறைத்து ஆடியிருந்தால் ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது. நிர்வாகம், அது பழைய முழங்கால் காயம் என்றது. அப்படிச் சொல்ல, தரை காய்ந்திருக்க வேண்டும். அடுத்த நாள் சிவம் அண்ணன் அதே தேதி போட்ட வெறும் தாளோடு வந்தார்.

"தம்பி, பென்சில் அடிக்காமல் ஒரு கையெழுத்து வைச்சுத் தாரும். பழசைக் கிழிச்சுப் போடும்."

"தரை ஈரமாத்தானே அண்ணன் இருந்திச்சு?"

"இருந்தது, ஓம். இப்ப காய்ஞ்சிட்டுது. காய்ஞ்ச தரைக்குத்தானே கையெழுத்துக் கேக்கிறன்."

"அவன்ட கால் காயலியே."

"உம்மட வேலை தரை. கால் டொக்டரின்ர வேலை. எனக்கும் மேல இருந்து நெருக்கிறாங்கள், விளங்குதே?"

கையெழுத்து வைத்தேன். இதை மறைக்க மாட்டேன். அவர் மீது வந்த கோபத்தைவிட என் கையின் மீது வந்த கோபம் பெரிது. ஆனால் பழைய தாளைக் கிழிக்கவில்லை. மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். மேசைக்கு ஒருபக்கம் நிர்வாகியும் பயிற்சியாளரும். மறுபக்கம் ஊன்றுகோலோடு ரெஜிஸ், அவனுக்காகப் பேச வந்த வீரர் சங்கத்துப் பெண். நிர்வாகி நான் கையெழுத்திட்ட வெறும் தாளைக் காட்டினார். பயிற்சியாளர் என் முகத்தைப் பார்க்காமலே, "யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை," என்றார்.

அந்த வார்த்தை கேட்டதும் என் கூச்சம் எங்கே போயிற்றோ தெரியாது. பையிலிருந்த தாளை எடுத்து மேசையில் வைத்தேன். "நான் சொன்னேன். நீ கடிகாரத்தைப் பார்த்தாய்."

சங்கத்துப் பெண் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தாள். "இரண்டிலும் உன் கையெழுத்து. எது உண்மை?"

"கோடு போட்டது."

"அப்படியானால் மற்றதில் ஏன் கையெழுத்து வைத்தாய்?"

"கேட்டார்கள். பயந்தேன்."

ரெஜிஸ் என்னைப் பார்த்தான். அவன் நன்றி சொல்லவில்லை. சொல்ல நான் என்ன செய்துவிட்டேன்?

பிறகு நடந்தது

ஒப்பந்தம் தொடர்ந்தது. மருத்துவச் செலவையும் அணியே ஏற்றது. ஆனால் அவன் குணமானதும் அடுத்த பருவத்துக்கு யாரும் எடுக்கவில்லை. பழைய வேகம் இல்லையாம். பயிற்சியாளரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த முழங்காலுக்காக அல்ல, ஆட்டங்களில் தோற்றதற்காக. இது இன்னும் எனக்கு ஆறவில்லை. வென்றிருந்தால் அவர் இன்றும் அங்கே விசில் அடித்துக்கொண்டிருப்பார். என்னை மேல் இருக்கைகளைக் கூட்டும் வேலைக்கு மாற்றினார்கள். சிவம் அண்ணன், "உமக்கு இது தேவையே?" என்று கேட்டார். "தேவை அண்ணன்," என்றேன். அவருக்கு நான் உரக்கச் சொன்ன ஒரே பதில் அது.

தரை வேலைக்கு வருகிறவர்களே, ஈரம் என்று சொல்வதோடு உங்கள் வேலை முடியவில்லை. நான் ஒருதரம் மெதுவாகச் சொன்னேன், விரட்டியதும் ஒதுங்கினேன். அந்தக் கூடையின் கீழே, ஈரத்தின் நடுவில், துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நான் நின்றிருக்க வேண்டும். கத்தட்டும், வேலையை விட்டுத் துரத்தட்டும். நான் அங்கே நின்றிருந்தால் ரெஜிஸ் அங்கே கால் வைத்திருக்க முடியாது.