லூயிஸ் நகரில் சுவர் தட்டிய சனிக்கிழமை

காலை ஒன்பதரைக்கு லண்டன் விக்டோரியா நிலையத்தில் நானும் மகளும் ரயில் ஏறினோம். சசெக்ஸின் பழைய தலைநகரான லூயிஸுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. எனக்குக் கட்டடம் பார்க்கும் ஆசையெல்லாம் கிடையாது. கனடாவில், மொன்றியல் செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டில் நானும் மகள் ஆரணியும்தான். கட்டடக்கலை படித்தவள், பழைய வீடு திருத்தும் வேலைக்கென்று ஒரு வருடம் இங்கே வந்தாள். வருடம் முடிந்தும் ஆள் திரும்பவில்லை. அவளுக்கும் சேர்த்து விமானச் சீட்டுப் போட்டுக்கொண்டு கூட்டிப்போக வந்திருந்தேன்.

"முதல்ல ஊரைப் பாருங்கோ அம்மா, பேந்து கதைப்பம்" என்றாள்.

நிலையத்திலிருந்து ஒரே ஏற்றம். மேலே கோட்டை, கீழே சரிந்து விழுகிற ஊர். ஒரு வீடு தெருப்பக்கம் சாய்ந்து நின்றது, விழாதாம். இன்னொன்றில் ஜன்னல் என்று நினைத்தது வெறும் கறுப்புப் பெயின்ற். கடைசியில் ஒழுங்கான செங்கல் வீடொன்றைக் கண்டு நிம்மதியாக நின்றேன்.

"தட்டிப் பாருங்கோ" என்றாள். தட்டினேன். வெறும் பெட்டியைத் தட்டினது போலச் சத்தம்.

"செங்கல் இல்லை அம்மா, ஓடு. உள்ளுக்கை மரவீடு. செங்கல் மாதிரித் தெரியவேணுமெண்டு ஓடு பதிச்சிருக்கினம்."

"இதென்ன கள்ளத்தனம்?"

"இங்கைதான் நான் இருக்கிறன்."

வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். சரிவில் கட்டின வீடு, இரண்டு மாடி கீழே இறங்கினோம். நிலவறை வரும் என்று பார்த்தால், வெயிலும் பூச்செடியும் இன்னொரு வாசலும்! அதுதான் அவள் அறை. தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டுச் சொன்னாள்:

"நான் இங்கையே இருக்கப் போறன் அம்மா. வேலையும் தந்திட்டினம்."

"அப்ப நான்?"

அவள் என் கோப்பையில் இன்னும் தேத்தண்ணி ஊற்றினாள். "நான் போறன்" என்று கிட்ட இருந்த கதவைத் திறந்து வெளியேறினேன். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. ரோசத்தில் வந்ததால் காலில் மேசு மட்டும்தான், சப்பாத்து மேலே முன்வாசலில். திரும்பித் தட்ட மனம் வரவில்லை.

முன்வாசலுக்குப் போகலாமென்று ஒடுக்கமான சந்தில் ஏறினேன். அது இன்னொரு சந்தில் விட்டது. பெருந்தெருவுக்கு வந்தபோது எல்லா வீடும் ஒன்றுபோலவே தெரிந்தது. எது செங்கல், எது ஓடு, ஒரு கோதாரியும் விளங்கவில்லை. அழுகை வந்தது. வேறு வழியில்லாமல் ஒவ்வொரு சுவராகத் தட்டிக்கொண்டு போனேன். நாயோடு வந்த வெள்ளைக்காரர் நின்று, "ஆர் யூ ஓல்ரைட்?" என்றார். "உய், மெர்சி" என்று பதற்றத்தில் பிரெஞ்சில் நன்றி சொன்னேன். அவரும் குழம்பிப் போனார்.

கல், கல், கல். பிறகு அந்தப் பெட்டிச் சத்தம். அடுத்த நொடி கதவு திறந்தது. ஆரணி, கையில் என் சப்பாத்து. கண் சிவந்திருந்தது.

"தட்டியே கண்டுபிடிச்சிட்டியள்?" என்று சிரித்தாள்.

"ஓம். இனி ஆரும் எனக்கு உன்ரை வீட்டைக் காட்டத் தேவையில்லை" என்றேன். சொன்ன பிறகுதான் 'உன்ரை வீடு' என்று சொல்லிவிட்டது எனக்கே விளங்கியது. அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

விமானத்தில் ஆரணிக்கென்று போட்ட பக்கத்து இருக்கையில் என் குளிர் ஜக்கெற் வந்தது. செயின்ட்-மிஷேலில் வெளிப்படி ஏறி, கதவடியில் நின்று சுவரைத் தட்டிப் பார்த்தேன். அசல் செங்கல். திறப்பை எடுத்து நானே கதவைத் திறந்தேன்.