‘அரைச்சுவர்’ ஆல்பமும் என் வயிற்றெரிச்சலும்

1. மெர்சி வந்து சொன்ன நாள்

‘நனைந்த தீப்பெட்டி’ என்ற பாட்டுக்குழுவின் முதல் இரண்டு ஆல்பங்களையும் பதிவு செய்து, குரலையும் வாத்தியத்தையும் அளவாகக் கலந்து மிக்ஸ் செய்து, வெளியிடும் பதத்துக்கு மாஸ்டர் செய்து கொடுத்தவன் நான்தான். மூன்றாவது ஆல்பம்தான் ‘அரைச்சுவர்’. அதற்கான பாட்டு எல்லாம் எடுத்து முடித்த மறுநாள் காலையில் மெர்சி என் ஸ்டுடியோவுக்கு வந்தாள். அவள்தான் குழுவின் பாடகி, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. வழக்கமாகச் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிடுகிறவள், அன்று உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும். கோவிக்கக் கூடாது.”

“சொல்லு.”

“மிக்ஸ் மட்டும் மெட்ராஸ்ல பண்ணலாம்னு இருக்கோம். பிரவீன்னு ஒருத்தர். பசங்க எல்லாருக்கும் சம்மதம்.”

“ஏன், எங்காது செத்துப்போச்சா?”

“உங்க காதுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க கையில எந்தப் பாட்டைக் குடுத்தாலும் கல்யாண மண்டபத்துல பாடுன மாதிரி வருது அண்ணாச்சி. இந்தத் தடவ வேற மாதிரி போகணும்.”

நான் சிரித்தேன். “நல்லா பண்ணுங்க தாயி, எனக்கு என்ன” என்றேன். அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வயிறு பற்றி எரிந்தது. இதை நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்காக எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நான் கெட்டிக்காரனாக இருந்த கதைகளைச் சொன்னால் உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. பொறாமை பிடித்து ஒரு வேலை செய்தேன், அதைச் சொல்கிறேன்.

2. கரண்டு இல்லாத நாளில்தான் பாட்டு

என் ஸ்டுடியோ செட்டியார்பட்டியில் இருக்கிறது. ஸ்டுடியோ என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு பத்துக்குப் பன்னிரண்டு அறை, சுவரெல்லாம் பஞ்சு மெத்தை, ஒரு கண்டென்சர் மைக், ஒரு கம்ப்யூட்டர். ஒட்டின சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி செட். எந்த மெத்தையை அடித்தாலும் தறிச் சத்தம் சுவர் வழியாக வந்துவிடும். கிடார், டிரம்ஸ் எடுக்கும்போது தெரியாது. குரல் எடுக்கும்போது மாட்டிக்கொள்வோம்.

அதனால் குரலை மட்டும் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துகிற நாளில்தான் எடுப்பேன். காலை ஒன்பது மணிக்குக் கரண்டு போகும், தறி நிற்கும், ஊரே அமைதியாகிவிடும். நான் பேட்டரியில் கம்ப்யூட்டரையும் மைக்கையும் ஓட்டுவேன். ஃபேன் கிடையாது. பாடுகிறவர்கள் துண்டும் தண்ணீர்ப் பாட்டிலும் கொண்டு வந்துவிடுவார்கள். ஊருக்கெல்லாம் எரிச்சலான நாள் எனக்கு மட்டும் வேலை நாள்.

‘அரைச்சுவர்’ ஆல்பத்தில் ‘துணிக்கொடி’ என்று ஒரு பாட்டு. அதற்கு முதலில் கைடு டிராக் எடுத்தோம். கைடு என்றால், மற்ற வாத்தியக்காரர்கள் பின்தொடர்வதற்காகச் சும்மா பாடி வைப்பது. பிறகு ஒழுங்காகப் பாடி எடுத்ததும் கைடை அழித்துவிடுவோம். அன்று மதியம் ஒரு மணி, பேட்டரி தீரப்போகிறது. “ஏட்டி, செத்த நேரந்தான் இருக்கு. நிக்க வேண்டாம், உக்காந்துக்கிட்டே கைடு மட்டும் பாடிரு” என்றேன். அவளும் களைத்துப்போய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பாதிப் பேச்சும் பாதிப் பாட்டுமாகப் பாடினாள். நாற்காலி கிறீச்சிட்டது. மூச்சு வாங்கியது. கடைசி வரி பாடும்போது, சொன்ன நேரத்துக்கு முன்பே கரண்டு வந்துவிட்டது. அந்தப் பக்கம் யாரோ ஒரு தறியின் சுவிட்சை மட்டும் அணைக்காமல் போயிருக்கிறார்கள். அது தானாகக் கிளம்பி ஓட ஆரம்பித்தது. அவள் பாட்டின் கடைசி வரி முழுக்கத் தடக் தடக் என்று அந்தத் தறிதான்.

“நாசமாப் போச்சு” என்று நானே சொன்னேன். மெர்சி சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். அடுத்த மாதம் கரண்டு நிறுத்திய நாளில் அதே பாட்டை நின்று பாடி, சுத்தமாக நாலு டேக் கொடுத்தாள். நாலாவது டேக் தங்கம். ஒரு தூசி கிடையாது.

3. அனுப்பியது

பிரவீனுக்கு ஃபைல்களை அனுப்ப வேண்டிய பொறுப்பு என்னுடையது. அதற்கு முன் அவனைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இணையத்தில் அவன் ஸ்டுடியோ போட்டோக்களைப் பார்த்தேன். ஒரு தடவை இல்லை, தினமும் பார்த்தேன். என் அறையைப் போல மூன்று மடங்கு. தாடி வேறு. ஒரு போட்டோவில் இடது பக்க ஸ்பீக்கர் வலது பக்கத்தைவிட ஓர் அங்குலம் முன்னால் இருந்தது. அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷம் எங்கள் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. என் மனைவி சரசு சொல்லியே விட்டாள்: “அந்தப் பையன் பேரச் சொல்லாம உங்களுக்கு ஒரு வேளை சோறு எறங்காதா?”

ஒன்பது பாட்டில் எட்டுப் பாட்டை ஒழுங்காக அனுப்பினேன். ‘துணிக்கொடி’க்கு மட்டும் அந்த நாலாவது டேக்கை வைத்துக்கொண்டு, கைடு டிராக்கை அனுப்பினேன். நாற்காலிச் சத்தம், மூச்சு, தறி எல்லாவற்றோடும். ஃபைல் பெயரில் ‘ஃபைனல்’ என்று போட்டேன். கை தவறி நடந்ததில்லை. பெரிய ஆளாச்சே, இதை வைத்து என்ன கிழிக்கிறான் என்று பார்ப்போம் என்று நினைத்தேன். அவன் திணறுவான், பாட்டு நாறும், மெர்சி திரும்பி வருவாள். கணக்கு அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து அவனிடமிருந்து போன்.

“அண்ணா, ‘துணிக்கொடி’ல கடைசில தறி சவுண்ட் வருதுண்ணா. அது வேணும்னு விட்டீங்களா?”

“ஆமா” என்றேன். “வச்சுப் பண்ணத் தெரிஞ்சாப் பண்ணுங்க.”

“சூப்பர்ண்ணா. தேங்க்ஸ்ண்ணா” என்றான். குத்திப் பேசினால் புரியாத ஜென்மம் என்று எண்ணிக்கொண்டேன்.

ஆல்பம் வெளியானது. நான் கேட்கவில்லை. வீம்புக்காகவே கேட்கவில்லை. பெயர்ப் பட்டியலை மட்டும் பார்த்தேன். ‘ஒலிக்கலவை: பிரவீன்’ என்று மேலே இருந்தது. என் பெயர் கீழே, ‘கூடுதல் பதிவு: சங்கரபாண்டி’ என்று இருந்தது. கூடுதலாம்! ஒன்பது பாட்டுக் குரலையும் வியர்வை சொட்டச் சொட்ட எடுத்தவன் நான்.

4. ரெண்டு டாப் ஸ்பீக்கர், ஒரு மிக்சர், ரெண்டு மைக்

பதிவு வேலை குறைந்த மாதங்களில் கூட்டங்களுக்கு ஸ்பீக்கர் செட் போடப் போவேன். போன வருடக் கடைசியில் முத்துமாரி என்ற பெண் போன் செய்தாள். ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ‘அரைச்சுவர்’ ரசிகர்களுக்கென்று வாட்ஸ்அப் குழு நடத்துகிறாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடி ஹாலில், ஞாயிற்றுக்கிழமை காலையில், எல்லாரும் கூடி ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை கேட்டுப் பேசப் போகிறார்களாம். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது.

“ஒண்ணே ஒண்ணு அண்ணாச்சி. பாட்டு ஓடும்போது எதையும் ஏத்தி எறக்கிராதீங்க. பிரவீன் சார் வச்சது வச்சபடி கேக்கணும்” என்றாள்.

போனை வைத்துவிட்டு, போகக் கூடாது என்று முடிவு செய்தேன். போனேன். என்னைப் பற்றி ஒரு வார்த்தையாவது வராதா என்ற நப்பாசைதான்.

அறுபது பேர் இருக்கும். இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. குழு வரவில்லை, மேடை இல்லை, டான்ஸ் இல்லை. தரையில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து, இரண்டு ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே பாட்டுக் கேட்டார்கள். அப்போதுதான் நானும் அந்த ஆல்பத்தை முதல் தடவையாக முழுசாகக் கேட்டேன். முதல் ஐந்து பாட்டு குழுவின் பழைய பாணி, கிடாரும் டிரம்ஸுமாக. அடுத்து ‘துணிக்கொடி’. வெறும் குரல், காதுக்குப் பக்கத்தில். நாற்காலி கிறீச்சிடுகிறது. கடைசி வரியில் தறி வருகிறது. குரல் நின்ற பிறகும் தறி நிற்கவில்லை. அதே தாளத்தில், அதே வேகத்தில் அடுத்த பாட்டின் டிரம் மெஷின் வந்து சேர்கிறது. அங்கிருந்து மீதி மூன்று பாட்டும் வேறு உலகம். அவர்களுடைய நாலாவது ஆல்பம் முழுக்க மெஷின் சத்தம்தான் என்று ஊருக்கே தெரியும். அது பிறந்த இடம் இந்தத் தறி.

ஒருவன் செய்த வேலை நன்றாக இருக்கிறது என்று காது சொல்லும்போது வருகிற எரிச்சல், மோசமாக இருந்தால் வருவதைவிடப் பல மடங்கு.

பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவராக மைக்கை வாங்கிப் பேசினார்கள். கூமாப்பட்டியிலிருந்து வந்த ஒரு பெண் சொன்னாள்: “மொத ரெண்டு ஆல்பமும் எங்க அண்ணன் கேக்குறது. நாலாவது எந்தம்பி கேக்குறது. ரெண்டு பேரும் இதச் சீண்ட மாட்டாங்க. இது எனக்கு.” இன்னொருவர், “சட்டைய மாத்துற நேரத்துல எடுத்த போட்டோ மாதிரி இருக்கு. ஒரு கை பழசுல, ஒரு கை புதுசுல” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தறிகளைப் பழுது பார்க்கிற தறி பிட்டர் ஒருவர் எழுந்தார். “நான் நாப்பத்தெட்டு தறிக்கு நடுவுல நிக்கிறவன். எனக்கு அது சத்தமாவே தோணுனதில்ல. இந்தப் பாட்டுலதான் மொதமொதல்ல தறியக் கேட்டேன். அந்த பிரவீன் சார எங்க ஊருக்குக் கூட்டிட்டு வாங்க, மால போடணும்” என்றார். அறுபது பேரும் கைதட்டினார்கள்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. மிக்சருக்குப் பக்கத்தில் இருந்த இரண்டாவது மைக்கை எடுத்தேன்.

“அந்தக் குரல எடுத்தது நாந்தான்” என்றேன். “அந்தத் தறி என் ஸ்டுடியோ சுவத்துக்கு அந்தப் பக்கம் ஓடுற தறி.”

எல்லாத் தலையும் திரும்பியது. முத்துமாரி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணாச்சி! சொல்லவே இல்லையே! எதுக்காக அப்படி விட்டீங்க? என்ன நெனச்சு விட்டீங்க?”

அறுபது பேர் வாயைப் பார்க்கிறார்கள். அப்போதுதான், கதவோரமாக வந்து உட்கார்ந்திருந்த மெர்சியைக் கவனித்தேன். எப்போது வந்தாளோ தெரியாது. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

“இந்தப் பாட்டுக்கு அலங்காரம் கூடாதுன்னு பட்டுச்சு” என்றேன். “நம்ம ஊரு சத்தம் உள்ள வரணும்னு வேணும்னே விட்டேன். பிரவீன்கிட்டயும் போன்ல சொன்னேன்.”

எழுந்து நின்று தட்டினார்கள். தறி பிட்டர் கட்டிப்பிடித்தார். மெர்சி தன் கை நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

5. கேபிள் சுற்றும்போது

கூட்டம் கலைந்த பிறகு நான் கேபிளைச் சுற்ற, அவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணும்னே விட்டீங்களா அண்ணாச்சி?”

“ம்.”

“எங்குரலு எனக்குத் தெரியாதா? ஆல்பம் வர்றதுக்கு முன்னாடியே தெரியும், அது கைடுன்னு. பிரவீன் உங்களுக்குப் போன் போட்ட அன்னைக்கே எனக்கும் போட்டான். நீங்க எனக்குக் கேக்கக் குடுத்த நாலாவது டேக் பென்டிரைவுல இருந்துச்சு. அத அவனுக்கு அனுப்பிட்டேன்.”

கேபிள் என் கையிலேயே நின்றுவிட்டது. “அவங்கிட்ட ரெண்டும் இருந்துச்சா?”

“இருந்துச்சு. நாலு நாளு மாத்தி மாத்தி வச்சுப் பாத்திருக்கான். ‘அவ்ளோ வருஷம் சர்வீஸ் உள்ளவரு காரணமில்லாம அனுப்ப மாட்டாரு, அது என்னன்னு கண்டுபுடிக்கணும்’னு சொன்னான். பொறவு கண்டுபுடிச்சிட்டேன்னு சொல்லி அந்தத் தறியில இருந்து அடுத்த பாட்டையே மாத்திட்டான்.”

அந்த ஹாலில் எனக்கு ஓடி ஒளிய ஓர் இடமில்லை. “அவங்கிட்ட நீ உண்மையச் சொல்லலையா?”

“எத?”

“நான் எதுக்கு அனுப்புனேன்னு.”

“எதுக்கு அனுப்புனீங்க?”

தெரிந்துகொண்டே கேட்கிறாள். அவள் விடுகிற மாதிரி இல்லை. “வயித்தெரிச்சல்லதான்” என்றேன்.

“அப்ப ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?” என்று நானே தொடர்ந்து கேட்டேன்.

“கேட்டா நீங்க பொய் சொல்லுவீங்க. பொய் சொன்னா பொறவு உங்க ரூமுக்குப் பாட வர எனக்கு மனசு வராது. அதான் கேக்கல. இன்னைக்கு அறுவது பேருக்கு முன்னால, நான் கேக்காமலே அந்தப் பொய்யச் சொல்லிட்டீங்க.” கேபிள் முனையைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு இரண்டு தடவை கரண்டு நிறுத்திய நாள் வந்தது. அவள் வரவில்லை.

6. கற்றுக்கொண்டது

அந்த வாரமே நாலாவது டேக்கை எடுத்து நானே ‘துணிக்கொடி’யை மிக்ஸ் செய்து பார்த்தேன். முழு நாள் உட்கார்ந்தேன். மூச்சையெல்லாம் வெட்டினேன், பெரிய ஹாலில் பாடினால் வருகிற எதிரொலி போல, குரலுக்கு ஹால் ரிவெர்ப் போட்டேன். அழகாக இருந்தது. கல்யாண மண்டபத்தில் பாடின மாதிரியும் இருந்தது. இது வெளிவந்திருந்தால் அந்தக் கூமாப்பட்டிப் பெண் பஸ் ஏறி வந்திருக்க மாட்டாள்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, மைக் வைப்பதை யார் வேண்டுமானாலும் கற்றுத் தருவார்கள். நான் சொல்ல வருவது வேறு. அடுத்தவன் கைக்குப் போகிற ஃபைலில் உங்கள் ஆத்திரத்தை வைத்து அனுப்பாதீர்கள். அவன் உங்களைவிடத் தெரிந்தவனாக இருந்தால் அதையும் பாட்டாக்கிவிடுவான். பிறகு அந்தப் பாட்டை நீங்கள் ஆயுசுக்கும் நிம்மதியாகக் கேட்க முடியாது.

முத்துமாரி தன் ரசிகர் மலருக்காக, தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் படிக்கிற மாதிரி ஒரு கட்டுரை கேட்டபோது, ‘தறிச் சத்தத்தைக் கண்டுபிடித்த அண்ணாச்சி’ என்று தலைப்பும் அவளே கொடுத்தாள். அந்தத் தலைப்பை அடித்துவிட்டு இதை எழுதி அனுப்புகிறேன். பிரவீனுக்கும் ஒரு பிரதி போகிறது. நான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. அன்று மாடி ஹாலில் எழுந்து நின்று தட்டினீர்களே, அது அவனுக்குச் சேர வேண்டியது. கொடுத்துவிடுகிறேன். கொடுக்க இன்றைக்கும் மனசு வரவில்லை, ஆனாலும் கொடுக்கிறேன்.