தூதுவளைக்கு வைத்த பலகை

அருப்புக்கோட்டையில் எங்கள் பூங்காவின் மூலிகைத் தோட்டத்தில் செடிக்குச் செடி பெயர்ப்பலகை வைத்தவன் நான். நடக்க வருகிறவர்கள் அதில் துண்டைத்தான் காயப்போட்டார்கள். ஒருவரும் படிக்கவில்லையே என்று தினமும் வீட்டில் புலம்புவேன். கடுப்பில் ஒருநாள், தூதுவளைப் பலகையில் 'சளிக்கு நல்லது, ரசம் வைக்கலாம்' என்று பெரிதாக எழுதினேன். அந்த வாரமே கொடி முக்கால்வாசி மொட்டையாகிவிட்டது.

மிச்ச இலையையும் ஓர் அம்மா முந்தானையில் பறித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, பொதுத் தோட்டத்துல இப்படிப் பறிக்கலாமா?" என்று கத்தினேன்.

அவர் பலகையைக் காட்டினார். "ரசம் வைக்கலாம்னு எழுதிப்போட்டிருக்காகல்ல. மகனுக்குச் சளி. படிச்சுப் பாத்துட்டுத்தான் பறிக்கிறேன்."

படிக்கவில்லை என்று புலம்பியதும் நான்தான், படித்தவரைத் திட்டியதும் நான்தான்.

இப்போது இன்னும் நாலு கொடி நட்டு, பலகையில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'இலையைப் பறிக்கலாம், கொடியை விட்டுவிடவும்.' நேற்று அதன்மேல் யாரோ துண்டு காயப்போட்டிருந்தார்கள்.