எங்கள் நிருபரின் தந்தை

கோலாலம்பூருக்கு வந்த நாளிலிருந்து கங்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவளுக்கு உலகம் என்றால் மேலே, கீழே, அவ்வளவுதான். கோயில் மேலே, கடை கீழே, பிரிஞ்சாங் டவுன் இன்னும் மேலே. இந்த ஊரோ தட்டையாகக் கிடந்தது. யாரிடம் வழி கேட்டாலும் எல்ஆர்டி ரயில் ஸ்டேஷன் பக்கத்திலே என்றார்கள். எந்த எல்ஆர்டி, எந்தப் பக்கம்? செந்தூலில் எடுத்த வாடகை அறையிலிருந்து பத்திரிகை அலுவலகத்துக்குத் தினமும் ஒரு புதுவழியில் போய்ச் சேர்ந்தாள். வேண்டுமென்று இல்லை, பழைய வழி மறுபடி கிடைப்பதில்லை.

அந்தத் தமிழ் நாளிதழில் அவள் பயிற்சி நிருபர். ஒருவர் எழுதச் சொன்னதை இன்னொருவர் வெட்டச் சொன்னார். அவள் எழுதியது இதுவரை ஒரு வரிகூட அச்சில் வரவில்லை. தோட்டத்துப் பிள்ளைதானே, நல்ல தேத்தண்ணி போடும்மா என்றார்கள். அவள் வீட்டில் என்றைக்கும் பாக்கெட் காப்பிதான். இருந்தும் போட்டுக் கொடுத்தாள். பிறகு யாரும் கேட்கவில்லை, நல்லதாகப் போயிற்று.

மனசு விட்டுப் பேச ருக்குமணி அக்கா மட்டும் இருந்தாள். மரண அறிவிப்புப் பக்கம் அவள் பொறுப்பு. எத்தனையோ வீட்டு அழுகையைப் போனில் கேட்டவள். ஆனால் யாராவது அழுதால் இன்றைக்கும் சேர்ந்து அழுவாள். "ரெண்டு பேர் உறுதிப்படுத்தாம எதையும் போடக்கூடாது கங்கா, அதான் ரூல்" என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தாள்.

அன்று காலை ஒரு கோயில் கூட்டத்துக்கு அனுப்பினார்கள். கங்கா தவறான கோயிலில் போய் உட்கார்ந்து, கூட்டம் முடியும் நேரத்தில் சரியான கோயிலைக் கண்டுபிடித்து, வெறுங்கையோடு திரும்பினாள். செய்தி ஆசிரியர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கழிவறைக்குள் போய் அழுதாள். எப்படி இருக்க என்று அம்மா தினமும் போனில் கேட்பாள், இவளும் தினமும் "நல்லா இருக்கேம்மா" என்பாள். ஓடிப்போகவும் வெட்கம். வீட்டில் ஏதாவது ஒன்று நடந்து, கிளம்பி வா என்று கூப்பிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே முகத்தைக் கழுவினாள்.

வெளியே வந்து உட்கார்ந்ததும் போன் அடித்தது. அம்மா திலகா.

"அப்பாவுக்குக் கொஞ்சம் ஒடம்பு சரியில்லம்மா. ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போ. பயப்படாத."

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நீ வா."

லைன் அறுந்தது. லயத்தில் எப்போதும் அப்படித்தான், பாதிப் பேச்சைக் காற்று கொண்டுபோய்விடும். அப்பாவின் நம்பர் போகவே இல்லை. பக்கத்து வீட்டு நளினிக்கு அடித்தாள். நளினி கொஞ்சம் தயங்கி, "நீ கெளம்பி வா கங்கா, நேர்ல பேசிக்கலாம் லா" என்றாள்.

கங்கா போனை மேசைமேல் வைத்தாள். நம் ஆட்கள் தூரத்தில் இருப்பவரிடம் சாவைச் சாவென்று எப்போது சொல்லியிருக்கிறார்கள்? சித்தப்பா போனபோதும் இதே பேச்சுத்தான், உடம்பு சரியில்லை, வந்து பார்த்துட்டுப் போ.

விஷயத்தைச் சொன்னதும், "காரணத்தச் சொல்லலையா?" என்று ருக்குமணி கேட்டாள்.

"இல்லக்கா."

"அம்மா, பக்கத்து வீடு, ரெண்டு பேருமேவா?"

கங்கா தலையாட்டினாள். இரண்டு பேர் ஆயிற்று, ருக்குமணிக்கு அது போதுமாக இருந்தது. அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கங்கா அறைக்கு ஓடி, இருந்த துணி அத்தனையையும் பையில் அடைத்தாள். ஏன் அத்தனையையும் என்று அவளுக்கே தெரியவில்லை. தாப்பா டவுன் தாண்டி பஸ் மலை ஏறியபோது, வளைவுக்கு வளைவு ஒரே எண்ணம். நான் கேட்டேன், நடந்துவிட்டது. முருகா, நான் சும்மா நினைத்தேன், நீ ஏன் அதைப் பெரிசாக எடுத்துக்கொண்டாய்?

லயத்து வாசலில் கூட்டம் இல்லை, பந்தல் இல்லை. உள்ளே அப்பா செல்லையா நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டியைக் காப்பியில் நனைத்துக்கொண்டிருந்தார். வலது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. கொழுந்து வெட்டும் மிஷினோடு ஈரச் சரிவில் வழுக்கி விழுந்திருக்கிறார். கால் முறிந்தது, போனும் உடைந்தது.

கங்கா அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். "காலுன்னா காலுன்னு சொல்லக் கூடாதாம்மா?"

"சொன்னா நீ பயந்துருவன்னுதான்..." என்றாள் திலகா. பிறகு வாசலில் கிடந்த பையைப் பார்த்தாள். அதன் கனத்தைத் தூக்கிப் பார்த்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

மறுநாள் காலை ஒரு லோரி வந்து நின்றது. திரிங்காப்பில் பூ பயிரிடும் மாமா மகேன், கை நிறைய வெள்ளைச் செவ்வந்தியோடும் ஒரு பேப்பரோடும் இறங்கி ஓடிவந்தார். நாற்காலியில் செல்லையாவைப் பார்த்ததும் பூவையெல்லாம் கீழே போட்டுவிட்டார். "மச்சான், என்ன இப்படிப் பண்ணிட்டீங்க" என்றார், இவர் சாகாதது ஏதோ குற்றம் மாதிரி.

பேப்பரில் அப்பாவின் படம். கங்காவின் வாட்ஸாப் முகப்பிலிருந்து ருக்குமணி எடுத்துப் போட்டது, அவளைப் பஸ் ஏற்றிவிட்ட அன்று சிரித்துக்கொண்டு நின்ற படம். மேலே கண்ணீர் அஞ்சலி. கீழே, 'எங்கள் நிருபர் செல்வி கங்காவின் அன்புத் தந்தை திரு. செல்லையா இயற்கை எய்தினார்.'

செல்லையா இரண்டு தரம் படித்தார். "படம் நல்லா விழுந்திருக்கு" என்றார். பிறகு, "நீ நிருபரா ஆயிட்டியா? சொல்லவே இல்லையே" என்றார்.

கங்கா பதில் சொல்வதற்குள் ருக்குமணியின் போன் வந்தது. விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் ஒரே விசும்பல். பிறகு, இன்றைக்கே திருத்தம் போட வேண்டும், நேரில் பார்த்தவள் நீதான், நீயே எழுதிச் சொல் என்றாள்.

கங்கா சுவரோரம் உட்கார்ந்து எழுதி, உரக்கப் படித்தாள். "கேமரன் மலையைச் சேர்ந்த திரு. செல்லையா நலமாக இருக்கிறார்."

"நலம்னு யாரு சொன்னா?" என்றார் செல்லையா. "ராத்திரியெல்லாம் வலி உயிர் போவுது. நெசத்த எழுது."

கங்கா பேனாவை வைத்துவிட்டாள். "நெசத்தச் சொல்லட்டாப்பா? அங்க எனக்கு ஒண்ணுமே புரியல. தெனமும் அழுறேன். திரும்பிப் போற எண்ணத்தோட நான் வரல."

"நல்லா இருக்கேன்னுதானே தெனமும் சொன்ன?" என்றாள் திலகா.

"நீ ஒடம்பு சரியில்லன்னு சொன்ன மாதிரிதாம்மா."

மகேன் குனிந்து பூவைப் பொறுக்கினார். செல்லையா அந்தப் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். போகச் சொல்லவுமில்லை, இருக்கச் சொல்லவுமில்லை. கட்டுப் போட்ட காலை மட்டும் தடவிக்கொண்டிருந்தார்.

கங்கா வரியை அடித்து மறுபடி எழுதினாள். "கால் முறிந்து, வலியோடு வீட்டில் இருக்கிறார்." ருக்குமணியைப் போனில் கூப்பிட்டு வாசித்தாள்.

"போட்டுடறேம்மா. அந்த அறிவிப்புல வேற ஏதாச்சும் தப்பு இருக்கா? இருந்தா சேர்த்துத் திருத்திடலாம்."

கங்கா அப்பாவின் மடியிலிருந்த பேப்பரைப் பார்த்தாள். மடித்ததில் 'எங்கள் நிருபர்' என்ற இடம்தான் மேலே தெரிந்தது, 'பயிற்சி' என்ற சொல் அதில் இல்லை.

"இல்லக்கா," என்றாள். "வேற ஒண்ணும் திருத்த வேணாம்."